பார்பரம்மாளுக்கு ஒரு பூசை

டிசம்பர் மூன்றாம் தேதி சவேரியாருக்குத் திருநாள். அன்றைக்குச் சிவகாசியில் அந்தக் கோயில் பங்கில் நடக்கிற கூத்தைப் பார்க்க இரண்டு கண் போதாது. சேவியர், சவரிமுத்து, சவரியப்பன், சவரியம்மாள் என்று கோயிலில் பாதிப் பேருக்கு அந்தப் பெயர்தான். சாயங்காலப் பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் அத்தனை பேரையும் பீடத்துக்கு முன்னால் வரச் சொன்னார். எழுந்து போன கூட்டத்தைப் பார்த்தால், பெஞ்சில் மிச்சம் இருந்தவர்கள் வெளியூர் விருந்தாளிகள் போல ஆகிவிட்டார்கள். ஆளுக்கொரு ஜெபமாலை, ஒரு பாட்டு, காது கிழியக் கைதட்டல், வாசலில் லட்டு.

நர்ஸம்மாவும் கைதட்டினாள். லட்டு வாங்கினாள். எதிரே வந்த சேவியர்களுக்கெல்லாம் "திருநாள் வாழ்த்து, திருநாள் வாழ்த்து" என்று வாய் வலிக்கச் சொன்னாள். ஒருத்தருக்காவது, "உங்களுக்கு எப்ப நர்ஸம்மா திருநாள்?" என்று திருப்பிக் கேட்கத் தோன்றியதா? தோன்றவில்லை. கேட்டிருந்தால் "நாளைக்கு" என்று சொல்லியிருப்பாள். அதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டுதான் வாசலில் அவ்வளவு நேரம் நின்றாள். கூட்டம் கலைந்ததும் லட்டைத் தாளில் மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அவளுடைய பெயர் பார்பரம்மாள். இது ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சிவகாசி அரசு ஆசுபத்திரியில் தீக்காயக்காரர்களுக்குக் கட்டுப் போட்டே காலத்தை ஓட்டி ரிட்டயர் ஆனவள். ஆசுபத்திரியில் நர்ஸம்மா, தெருவில் நர்ஸம்மா, கோயிலில் நர்ஸம்மா. சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்கு ஏதாவது சான்றிதழ் வாங்கப் போனால் மட்டும் ஒரு கிளார்க், "பார்பரம்மாள் யாரும்மா?" என்று சத்தமாகக் கூப்பிடுவார். அதைக் கேட்பதற்காகவே இன்னொரு சான்றிதழுக்கு மனுக் கொடுக்கலாமா என்று இருக்கும் அவளுக்கு. எல்லாரையும் போல நானும் இப்போதைக்கு நர்ஸம்மா என்றே சொல்லிவைக்கிறேன்.

புனித பார்பரம்மாள் யார் என்று தெரியாவிட்டால் இந்தக் கதை விளங்காது. அந்தக் காலத்தில் தியோஸ்கோர் என்று ஒரு பணக்காரன். அவனுக்கு ஒரே மகள், நல்ல அழகி. எவன் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று கோபுரம் ஒன்றைக் கட்டி அதற்குள் அவளைப் பூட்டிவைத்தான். சாப்பாடு கூடையில் வைத்துக் கயிற்றில் மேலே போகும். பேச்சுக்கு ஆள் கிடையாது. அந்தத் தனிமையில் இருந்துகொண்டே அவள் எப்படியோ கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்துவிட்டாள். அப்பன் வெளியூர் போயிருந்த சமயம், இரண்டு சன்னல் வைக்க வந்த கொத்தனாரிடம் மூன்றாக வை என்றாள். பிதாவுக்கு ஒன்று, சுதனுக்கு ஒன்று, பரிசுத்த ஆவிக்கு ஒன்று. திரும்பி வந்தவன் சன்னலை எண்ணினான். மகள் முகத்தைப் பார்க்க நேரமில்லாத பாவிக்குச் சன்னலை எண்ண நேரம் இருந்தது, பாருங்கள். அவளைப் பிடித்து அதிகாரி கையில் கொடுத்தான். அதுவும் போதாது என்று தானே வாளை எடுத்து வெட்டினான். வெட்டிவிட்டுத் திரும்புகிற வழியில் மின்னல் விழுந்து கரிக்கட்டையானான்.

அன்றிலிருந்து இடி, மின்னல், திடீர்த் தீ இவற்றுக்கெல்லாம் பார்பரம்மாள்தான் காவல். சுரங்கத்தில் வெடி வைக்கிறவன், பீரங்கிக்காரன், வாணவேடிக்கைக்காரன் என்று வெடிமருந்தைத் தொட்டுப் பிழைக்கிற அத்தனை பேருக்கும் அவள்தான் பாதுகாவலி. அவள் வந்து உட்கார வேண்டிய ஊர் சிவகாசியா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். ஆனால் இந்தக் கோயிலில் அவளுக்குச் சின்னதாக ஒரு சுரூபச் சிலைகூடக் கிடையாது.

நர்ஸம்மாவின் அப்பா பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை பார்த்தவர். அம்மா இவளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது கம்பெனியில் ஒரு வெடிப்பு. அப்பா தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்ததால் பிழைத்தார். அப்போதிருந்த சாமியார், "பொம்பளைப் பிள்ளை பிறந்தால் பார்பரம்மாள் என்று வை" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அப்படி வந்தது பெயர்.

பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்துகொண்டிருந்த நாளில், ரோமையில் பெரியவர்கள் உட்கார்ந்து திருநாள் காலண்டரைத் திருத்தினார்கள். வரலாற்றில் ஆதாரம் போதவில்லை என்று சில புனிதர்களைப் பொதுக் காலண்டரிலிருந்து எடுத்தார்கள். அதில் பார்பரம்மாளும் போனாள். புனிதை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. வீட்டை விட்டுத் துரத்தவில்லை, கூடத்தில் பாய் விரிக்கவில்லை, அவ்வளவுதான். டிசம்பர் நாலாம் தேதியில் இப்போது தமஸ்கு யோவான் இருக்கிறார். பெரிய பண்டிதர், மகான். அவர்மேல் நர்ஸம்மாவுக்குக் கோபமே இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய்.

அவள் மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். கீழே இருக்கும் வீட்டுக்காரர் லட்சுமிகாந்தம் அச்சகம் வைத்திருக்கிறார். பங்குக்கு வருகிற காலண்டர் அவர் பிரஸ்ஸில்தான் அடிக்கிறார்கள். நவம்பர் கடைசியில் மை வாசம் போகாத புதுக் காலண்டர் ஒன்றை மாடிக்கே கொண்டுவந்து கொடுப்பார். நல்ல மனுசன். ஒரு வருசம் வாய்விட்டுக் கேட்டேவிட்டாள்.

"அண்ணாச்சி, டிசம்பர் நாலுல ஒரே ஒரு வரி. 'பார்பரம்மாள், கன்னி, மறைசாட்சி'ன்னு ஓரத்துல பொடி எழுத்துல போட்டுற முடியாதா?"

"ராகு காலம் எமகண்டம்னா நானே போட்டுருவேன் நர்ஸம்மா. இது ஒங்க சாமியார்க குடுக்கிற மேட்டராச்சே. அதுல கை வச்சேன்னா அடுத்த வருசம் ஆர்டர் வேற பிரஸ்ஸுக்குப் போயிரும். ஆமா, யாரு அந்தம்மா?"

"ஒரு புனிதை" என்றாள். என் பெயரும் அதுதான் என்று சொல்ல வாய் வரவில்லை.

இவ்வளவு காலமும் இதை அவள் பெரிய குறையாக நினைத்ததில்லை. ஏனென்றால் ரீத்தம்மாள் இருந்தாள். தூத்துக்குடியில் கட்டிக்கொடுத்த தங்கச்சி. அப்பா செத்த பிறகு நர்ஸம்மாதான் சம்பாதித்து அவளைப் படிக்கவைத்துக் கரையேற்றினாள். அது முடிந்து தன்னைப் பற்றி யோசிக்கலாம் என்று நிமிர்ந்தபோது, பெண் பார்க்க வருகிற வயசு தாண்டியிருந்தது. அம்மா இருந்தவரைக்கும் வீட்டில் ஒரு பழக்கம். யாருக்குத் திருநாளோ அவரை அன்றைக்கு எல்லாரும் முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். மற்ற நாளில் "அக்கா, அக்கா" என்று காலைச் சுற்றுகிற ரீத்தம்மாள், அன்றைக்கு ஒருநாள் "பார்பரம்மா, காப்பி கொண்டா" என்று அதிகாரம் பண்ணுவாள். கல்யாணமாகிப் போன பிறகும் விடவில்லை. டிசம்பர் நாலாம் தேதி நர்ஸம்மா காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போது போன் அடிக்கும். "பார்பரம்மா! திருநாள் வாழ்த்து!" அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேச்சு மீன் விலைக்குப் போய்விடும்.

இந்த வருசம் தவக்காலத்தில் ரீத்தம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

நவம்பர் பிறந்ததிலிருந்தே நர்ஸம்மா அந்தத் தேதிக்கு நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். இந்த உலகத்தில் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட இனி ஒரு நாதி இல்லை. ஒரே ஒரு தடவை, அந்த நாளில், யார் வாயாலாவது அந்தப் பெயரைக் காதால் கேட்டுவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அதுதான். விருந்து வேண்டாம், லட்டு வேண்டாம். கடைசியில் ஒரு வழி தோன்றியது. அந்தப் பெயருக்குப் பணம் கட்டிப் பூசை வைத்தால் சாமியார் பீடத்தில் நின்று மைக்கில் பெயரைச் சொல்லித்தானே ஆக வேண்டும்?

பூசைச் சீட்டெல்லாம் எழுதுகிற உபதேசியார் வியானியிடம் போனாள். சின்ன வயசுக்காரர், திண்டுக்கல் பக்கம், ஜூனில்தான் வந்தவர். மரியாதை தெரிந்த பிள்ளை. ஒரே குறை, எல்லாவற்றையும் அவசர அவசரமாகச் செய்வார்.

"நாலாந்தேதி காலைப் பூசை காலியா இருக்கா தம்பி?"

"இருக்கு நர்ஸம்மா. யாருக்குப் போடணும்?"

"பார்பரம்மாளுக்கு."

வியானி சுவரில் தொங்கிய காலண்டரைத் தூக்கிப் பார்த்தார். "அன்னைக்குத் தமஸ்கு யோவான்தான் இருக்கார். பார்பரம்மாள் யாரு, உங்க வீட்டு ஆளா?"

நான்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்தது. சொல்ல வெட்கமாகிவிட்டது அவளுக்கு. அறுபதைத் தாண்டிய பொம்பளை தனக்குத்தானே திருநாள் கொண்டாட வந்து நிற்கிறாள் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டால்?

"ஆமா, எங்க வீட்டு ஆளுதான்" என்று சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வச்சிருவோம் நர்ஸம்மா" என்றார் வியானி.

நாலாம் தேதி விடியும்போது தூறிக்கொண்டிருந்தது. ரீத்தம்மாள் கடைசியாக எடுத்துக் கொடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டாள். மேசையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த சின்னப் படத்துக்கு முன்னால் ஒரு நிமிசம் நின்றாள். கோபுரம், மூன்று சன்னல், கையில் குருத்தோலையோடு அந்தப் பெண். "இன்னைக்கு நமக்கு ரெண்டு பேருக்கும்தான்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்தாள்.

கோயில் மதில் ஓரம்தான் கம்பெனி வேன்கள் வந்து நின்று ஆள் ஏற்றுகிற இடம். தீபாவளிக்குப் பிறகு மூடிக்கிடந்த கம்பெனிகளை இப்போதுதான் திறந்திருந்தார்கள். தூக்குச்சட்டியும் கையுமாகப் பெண்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள். நர்ஸம்மா அவர்களைத் தாண்டி உள்ளே போனாள். சாதாரண நாள் என்பதால் பத்திருபது பேருக்கு மேல் இல்லை. நேற்று ஜெபமாலை வாங்கின சவரியம்மாள் முன் பெஞ்சில் இருந்தாள். நர்ஸம்மா அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து முதுகை நேராக வைத்துக்கொண்டாள். புதுப்பெண் மாதிரி சேலை மடிப்பை நீவிவிட்டாள்.

சாமியார் வந்தார். சிலுவை போட்டுக்கொண்டார். வியானி எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து வாசித்தார்.

"இன்றைய திருப்பலியில், மரித்த பார்பரம்மாள் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காகச் சிறப்பாக மன்றாடுவோம்."

மணிக்கூண்டில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அதைத் தெருவெல்லாம் கொண்டுபோனது.

"நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்றார் சாமியார். "முடிவில்லாத ஒளி இவர்மேல் ஒளிர்வதாக" என்று எல்லாரும் சொன்னார்கள். நர்ஸம்மாவும் சொன்னாள். பழக்கதோசத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

குற்றம் யார் பேரில்? நம் கோயில்களில் உயிரோடு இருக்கிறவருக்கு வைத்தால் அது நன்றிப் பூசை. 'இன்னாருக்குப் பூசை' என்று மொட்டையாகச் சொன்னால் அந்த இன்னார் செத்துவிட்டார் என்றுதான் கணக்கு. இது கோயில் படி ஏறின குழந்தைக்குக்கூடத் தெரியும். நர்ஸம்மாவுக்குத் தெரியாதா? ரீத்தம்மாளுக்கு ஏழாம் நாளும் முப்பதாம் நாளும் அப்படிச் சொல்லித்தானே வைத்தாள். ஆசையில் மறந்து தொலைத்துவிட்டாள். வியானியோ காலண்டரில் பெயர் இல்லை, பெயரும் பழங்காலத்துப் பெயர், நர்ஸம்மா வீட்டுச் செத்த கிழவி யாரோ என்று முடிவு கட்டிவிட்டார்.

அவள் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். யாராவது திடுக்கிட்டார்களா? யாராவது "அட, இவ இங்க உக்காந்திருக்காளே" என்று பார்த்தார்களா? சவரியம்மாள் கொட்டாவி விட்டாள். பின்னால் ஒருத்தர் குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாளைக்கு நிஜமாகவே செத்தாலும் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். சீட்டில் எழுதுவார்கள், வாசிப்பார்கள், முடிவில்லாத ஒளி என்பார்கள், குடையை மடக்குவார்கள். வாசகம் என்ன, பிரசங்கம் என்ன, ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை.

பூசை முடிந்து எல்லாரும் போன பிறகும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வியானியிடம் சொல்லலாமா? என்னவென்று சொல்வது? தம்பி, நான் இன்னும் சாகவில்லை என்றா? எழுந்து வாசலுக்கு வந்து தீர்த்தத்தைத் தொட்டு நெற்றியில் வைத்தாள். அப்போது வெளியே ஒரு பெண்குரல் கேட்டது.

"ஏங்க, பார்பரம்மா வீடு எங்கன இருக்கு? எடுத்துட்டாகளா, இன்னும் கெடத்தித்தான் வச்சிருக்காகளா?"

நர்ஸம்மாவின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டது.

"எந்தப் பார்பரம்மா?" என்றது சவரியம்மாளின் குரல்.

"இப்ப மைக்குல சொன்னாகள்ல! வேன்ல ஏறி உக்காந்துட்டேன். காதுல விழுந்துச்சு பாருங்க, ஈரக்கொலையே ஆடிப்போச்சு. எறங்கிட்டேன். எதுத்த கடையில மாலையும் வாங்கிட்டேன். பூசை முடியட்டும்னு இம்புட்டு நேரமா மழையில நிக்கேன்."

"அப்படி ஒருத்தரும் எங்க பங்குல கெடையாதேம்மா."

"என்னங்க, இல்லேங்கீக? ஆசுபத்திரியில வேலை பார்த்தாக. செவப்பா, ஒல்லியா, கோவக்காரக மாதிரி பேசுவாக. அம்புட்டும் பாசம்."

"செத்து எந்தக் காலமோ என்னமோ. வருசப் பூசையா இருக்கும்."

"அய்யோ, வருசமாச்சா!" அந்தக் குரல் உடைந்தது. "எனக்கு ஒரு வார்த்தை சொல்ல ஆளில்லாமப் போச்சே! அந்த முகத்தைப் பாக்காமப் போனேனே!"

தன் சாவுக்கு ஒருத்தி அழுவதைத் தன் காதாலேயே கேட்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? நர்ஸம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

தாயில்பட்டி வள்ளித்தாய். பல வருசத்துக்கு முந்தி, அங்கே ஒரு கம்பெனியில் நடந்த விபத்தில் இரண்டு கையும் கழுத்தும் வெந்து வந்தவள். கல்யாணமாகி நாலைந்து மாசம்கூட ஆகியிருக்கவில்லை. புருசன் வந்து ஒரு நாள் எட்டிப் பார்த்ததோடு சரி. கட்டைப் பிரித்து மாற்றுகிற வேளையில் வார்டே அதிரக் கத்துவாள். அம்மா என்று கத்த அவளுக்கு அம்மா இல்லை. நர்ஸம்மாதான் சொன்னாள்: "வெடிக்காரகளுக்குக் காவலா ஒரு பொம்பளச் சாமி இருக்கா. பார்பரம்மா. எம் பேரும் அதான். வலிக்கிறப்ப அவளைக் கூப்பிடு. அவ வராட்டா நான் இருக்கேன்ல." பெரியவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பெயரின் வாலிலேயே அம்மா ஒட்டிக்கொண்டிருக்கிறதே. வள்ளித்தாய் பிடித்துக்கொண்டாள். கட்டு மாற்றி முடிகிறவரைக்கும் "பார்பரம்மா, பார்பரம்மா" என்றுதான் அலறுவாள். சாமியைக் கூப்பிட்டாளா, தன்னைக் கூப்பிட்டாளா என்று நர்ஸம்மாவுக்கு அன்றைக்கும் தெரியவில்லை. உடம்பு தேறி ஊருக்குப் போனவளை அதற்குப் பிறகு பார்க்கவும் இல்லை.

வெளியே வியானி வந்துவிட்டார் போல. "அழாதீங்கம்மா. அது நம்ம நர்ஸம்மா வீட்டு ஆளு. அவங்கதான் பூசை வச்சாங்க, அவங்களையே கேளுங்க. உள்ளதான் இருக்காங்க... இந்தா, வந்துட்டாங்க."

நர்ஸம்மா படியில் வந்து நின்றாள்.

நனைந்த படியில் உட்கார்ந்திருந்த வள்ளித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். மடியில் தூக்குச்சட்டி, அதன்மேல் வாழையிலையில் சுற்றிய மாலை. கழுத்தில் அந்தப் பழைய வடு அப்படியே இருந்தது. இரண்டு விநாடி வாயைப் பிளந்துகொண்டிருந்தாள். பிறகு கத்தினாள் பாருங்கள், மதிலுக்கு வெளியே நின்ற வேன் டிரைவர் எட்டிப் பார்த்தான்.

"பார்பரம்மா...!"

வார்டில் கத்துகிற அதே கத்தல். மாலையும் தூக்குச்சட்டியும் உருள, எழுந்து ஓடிவந்து நர்ஸம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தடவிப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். "உசுரோட இருக்கீக! உசுரோடதான் இருக்கீகளா? எந்தக் கட்டையில போறவன் செத்துட்டீகன்னு மைக்குல சொன்னது?"

கட்டையில் போகிறவர் என்று ஏச்சு வாங்கிய வியானியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பேயறைந்தவர் போல நின்றார். "நர்ஸம்மா, அப்ப... பார்பரம்மாங்கறது..."

"நான்தான்" என்றாள் நர்ஸம்மா.

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டிய சொல், இப்போதுதான் வெளியே வந்தது. அதோடு கண்ணீரும் வந்துவிட்டது. "இன்னைக்குப் பார்பரம்மாளுக்குத் திருநாள் தம்பி. காலண்டர்ல இல்ல. நாஞ் சொல்லாதது எந் தப்பு."

"ஐயோ, மன்னிச்சிருங்க. சாயங்காலப் பூசையில சாமியார்ட்ட சொல்லித் திருத்திச் சொல்லச் சொல்றேன்."

"வேண்டாம், விடுங்க. காலையில கொன்னு சாயங்காலம் உசுரு குடுத்தா ஊரு சிரிக்கும்."

வள்ளித்தாய் கீழே கிடந்த மாலையை அப்போதுதான் பார்த்தாள். சம்பங்கியும் ரோசாவும் வைத்துக் கட்டியது, விலை கூடின மாலை. எடுத்து மதிலுக்கு அப்பால் எறியப் போனாள். "கருமம், சாவுக்கு வாங்குனது."

"ஏளா, எறியாத. போடு" என்று நர்ஸம்மா தலையைக் குனிந்தாள்.

"ஐயையோ, ஆகாது நர்ஸம்மா" என்றாள் சவரியம்மாள்.

"நேத்து ஒங்களுக்கெல்லாம் ஜெபமாலை போட்டாகள்ல? எனக்கு இது. போடு வள்ளித்தாயி."

மாலையை ஒரு உதறு உதறிவிட்டு அவள் போட்டாள். மழை ஈரத்தில் மாலை கழுத்தில் சில்லென்று உட்கார்ந்தது. சவரியம்மாள் வந்து கையைப் பிடித்து, "திருநாள் வாழ்த்து... நர்ஸம்மா" என்றாள். பெயர் அவள் வாயில் வரவில்லை, என்ன செய்ய, பழக்கம். அதற்குள் மழை வலுத்துவிட்டது. ஆளுக்கொரு திசையாகக் கலைந்தார்கள்.

"வீட்டுக்கு வா, ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ."

"இப்ப எங்கிட்டு வர? ரெண்டாவது டிரிப்பு வேன் நிக்கி. போகலேன்னா வேலையில இருந்து நிப்பாட்டிருவாக. நாங்க இப்ப இங்கன காலனியிலதான் குடியிருக்கோம், இன்னொரு நாள் வாரேன். நம்பரை மட்டும் சொல்லுங்க." மடங்கி ஒட்டிப்போன விரலால் ஒவ்வொரு எண்ணாக அமுக்கிப் பதிந்துகொண்டாள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

பார்பரம்மாள் கழுத்தில் மாலையோடு குடைபிடித்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு நடந்தாள். இனிமேல் நானும் அப்படியே சொல்கிறேன். பூக்கடைக்காரர் பார்த்துவிட்டு, கேட்பதா வேண்டாமா என்று தலையைச் சொறிந்தார். மாடிப்படி ஏறி வாசலில் செருப்பைக் கழற்றினாள். கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். ரீத்தம்மாள் போன் வருகிற நேரம். வரவில்லை. வராது என்று தெரிந்தும் நின்றாள்.

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். படத்துக்கு மாலையைப் போடலாம் என்றால் அது உள்ளங்கை அளவுப் படம், மாலைக்குள் காணாமல் போய்விடும். கழற்றவும் மனமில்லை. நேற்று மடித்துக் கொண்டுவந்த லட்டைப் பிட்டு வாயில் போட்டாள். வீடு சத்தமில்லாமல் இருந்தது. சன்னலுக்கு வெளியே மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. யாரும் இல்லாத வீட்டில் மாலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்கு மறுபடி அழுகை முட்டியது.

போன் அடித்தது.

புது நம்பர். போனை எடுத்தால் எப்போதும் "நர்ஸம்மா பேசுறேன்" என்பாள். வாய் அதற்குத்தான் போனது. நிறுத்திக்கொண்டு, தொண்டையைச் செருமிச் சரிபண்ணினாள்.

"பார்பரம்மாள் பேசுறேன்."

"நாந்தான், வள்ளித்தாய். கம்பெனி கேட்ல நிக்கேன். உள்ள போனா போனை வாங்கி வச்சிருவாக, பேச முடியாது. அழுத அழுகையில சொல்லவே மறந்துட்டேன். ஒங்க ஆளுகல்லாம் என்னமோ சொல்வாகளே, திருநாளுக்கு... ஆங், வாழ்த்து. திருநாள் வாழ்த்து பார்பரம்மா!"

"ம்" என்றாள் பார்பரம்மாள்.

"கேக்குதா? வாட்ச்மேன் கூப்பிடுதாரு. வச்சிருதேன்."

"வள்ளித்தாயி" என்று அவசரமாகக் கூப்பிட்டாள். "இன்னொரு தடவை சொல்லு."